எண்பத்தொரு கழிவறைகளும் ஒரு தட்டு ரோல்ஸும்

ஒரு நிமிடத்தின் விலை ஒரு டொலர் என்று எனக்குச் சொல்லித் தந்தது ஒரு பச்சைத் தவளை.

பார்க் எக்ஸ்டென்ஷனில், நாங்கள் வேலைக்குப் போகும் நேரத்தில் மகளை விட்டுச் செல்லும் கார்டெரியின் வாசலுக்கு நேரே அந்தத் தவளை மணிக்கூடு தொங்குகிறது. வயிற்றில் முள், வாயில் சிரிப்பு. என் கைத்தொலைபேசி ஐந்து ஐம்பத்தேழு என்று காட்டினாலும் தவளை ஆறு என்றால் ஆறுதான். கார்டெரியை நடத்தும் அம்மையார் என் தொலைபேசியைத் திரும்பியும் பார்க்க மாட்டார். தவளையைத்தான் நிமிர்ந்து பார்ப்பார். ஆறு மணிக்குப் பிறகு பிள்ளையை எடுக்க வந்தால் நிமிடத்துக்கு ஒரு டொலர் வைக்க வேண்டும்.

காசு போனால் போகட்டும். ஒரு வருடத்துக்குள் மூன்று தடவை பிந்தினால் பிள்ளையின் இடமே போய்விடும் என்று ஒப்பந்தத்தில் எழுதி, கீழே நானும் மனைவியும் கையெழுத்துப் போட்டிருந்தோம். அந்த இடம் சும்மா கிடைக்கவில்லை. மகள் வயிற்றில் இருக்கும்போதே மனைவி விண்ணப்பம் கொடுத்தவள். பிள்ளையின் பெயர் என்ற கட்டத்தில் "இன்னும் வைக்கவில்லை" என்று எழுதிக் கொடுத்தோம். அந்த இடம் போனால், மருத்துவமனையில் பின்னேர வேலை செய்யும் மனைவி வேலையை விட வேண்டியதுதான். நோயாளிகளைத் தூக்கி இருத்தி, குளிக்க வார்த்து, கதை கேட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வருவாள். ஆனாலும் அந்த வேலை அவளுக்கு உயிர். என்னைவிட அதில்தான் அவளுக்குப் பிரியமோ என்று சில நாட்களில் எனக்குச் சந்தேகம் வரும்.

அந்தப் பனிக்காலத்தில் நான் இரண்டு தடவை பிந்தினேன். இரண்டுக்கும் காரணம் எங்கள் அலுவலகத்தின் வியாழக்கிழமைக் கூட்டம்.

எங்கள் கம்பனி, கிளினிக்குகளுக்கும் சிறு அலுவலகங்களுக்கும் துப்புரவு ஆட்களை அனுப்புகிற கம்பனி. கோட்-டெ-நெய்ஜில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ஒன்பது பேர் இருக்கிறோம். யார், எங்கே, எத்தனை மணிக்குப் போவது என்று அட்டவணை போடுவது என் வேலை. அங்கே எல்லாவற்றுக்கும் நிமிடக் கணக்கு உண்டு. ஒரு கழிவறைக்குப் பத்து நிமிடம். வைத்தியர் பார்க்கும் அறைக்கு எட்டு நிமிடம். படிக்கட்டு என்றால் ஒரு மாடிக்கு நான்கு நிமிடம். நிமிடக் கணக்கே இல்லாத ஒரே விஷயம் வியாழக்கிழமை நான்கு மணிக்கு நடக்கும் எங்கள் சொந்தக் கூட்டம்தான்.

அங்கே என்ன பேசினோம் என்று கேட்டால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வரும். நிலம் துடைக்கும் மொப்புக்கு நீலப் பிடி நல்லதா, பச்சைப் பிடி நல்லதா என்று நான்கு வாரம் பேசினோம். நான்காம் வாரம் இரண்டையும் வாங்குவது என்று முடிவானது. அப்படியானால் பழைய மஞ்சள் பிடியை என்ன செய்வது என்று யாரோ கேட்க, ஐந்தாம் வாரமும் போனது. மனேஜர் நல்ல மனுஷி, இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். "இன்றைக்கு ஐந்து நிமிடம்தான்" என்று சொல்லித்தான் கூட்டத்தைத் தொடங்குவார். சொல்லும்போதே கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, வசதியாக உட்கார்ந்துகொள்வார். ஐந்து நிமிடத்தில் போகப்போகிற ஆள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவதில்லை.

கூட்டத்துக்கு நான் ரோல்ஸ் கொண்டுபோவேன். இதையும் சொல்ல வேண்டும்.

இந்த வேலைக்கு முன் ஆறு வருடம் பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் நின்றவன் நான். என் அட்டவணையில் பிழை வரலாம், ரோல்ஸில் வராது. இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்து இறுக்கிச் சுற்றி, முட்டையில் தோய்த்து, ரஸ்க் தூளில் புரட்டிப் பொரித்தால் உள்ளே ஒரு சொட்டு எண்ணெய் போகாது. வேலை கிடைத்த முதல் வியாழக்கிழமை வெறுங்கையோடு கூட்டத்துக்குப் போக மனம் வராமல் இருபது ரோல்ஸ் கொண்டுபோனேன். மனேஜர் ஒன்றைக் கடித்தார். கண்ணை மூடினார். ஒரு சொல் சொன்னார். அது எந்தப் பிரெஞ்சு வகுப்பிலும் எனக்குச் சொல்லித் தராத சொல். அதற்குப் பிறகு இரண்டு வருடமாக அநேகமாக எல்லா வியாழக்கிழமையும் கொண்டுபோனேன். கணக்குப் பார்க்கும் அண்ணர் சென்னைக்காரர், மரக்கறி மட்டும் சாப்பிடுவார். அவருக்கு நான்கு மரக்கறி ரோல்ஸ் செய்து, பல்லுக்குச்சி குத்தி அடையாளம் வைத்துக் கொண்டுபோவேன்.

ஐந்து மணிக்கு எழுந்து போக வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். எப்படிப் போவது? மேசை நடுவில் இருப்பது என் தட்டு. பலகாரம் கொண்டு வந்தவன், மற்றவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எழும்பிப் போனால் அது என்ன மரியாதை? அதோடு அந்த எவர்சில்வர் தட்டு மனைவியின் தாய் கொடுத்து விட்டது. அதை அங்கே விட்டுவிட்டுப் போனால் வீட்டில் என்ன நடக்கும் என்று எனக்குத்தான் தெரியும். ஆகவே தட்டு காலியாகும்வரை இருந்தேன், கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து, மனேஜரை மனதுக்குள் திட்டித் திட்டி.

முதல் தடவை ஆறு நிமிடம் பிந்தினேன். மெத்ரோவிலிருந்து பனியில் சறுக்கிச் சறுக்கி ஓடிப் போய்க் கதவைத் திறந்தால், வாசலில் ஆட்கள் இருக்கப் போட்ட நீண்ட மர வாங்கில் மகள் தனியாக இருந்தாள். பனி உடுப்பு கழுத்துவரை பூட்டி, தொப்பி, கையுறை எல்லாம் போட்டு, உள்ளே வேர்த்து, கன்னம் இரண்டும் சிவந்து, சப்பாத்தை இடம் வலம் மாற்றிப் போட்டபடி இருந்தாள். நான்கு வயது. அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

இனி இதை விடக்கூடாது என்று எனக்கு ரோஷம் வந்தது. கூட்டத்தால் எவ்வளவு நட்டம் என்று மனேஜருக்குக் கணக்கோடு காட்டுவேன் என்று முடிவெடுத்தேன். மற்றவர்களின் சம்பளம் எனக்குத் தெரியாது. ஆனால் எனக்கு ஒரு நல்ல அளவுகோல் தெரியும். ஒன்பது பேர் தொண்ணூறு நிமிடம் இருந்தால் எண்ணூற்றுப் பத்து நிமிடம். கழிவறை ஒன்றுக்குப் பத்து நிமிடம். ஆகவே ஒரு வியாழக்கிழமைக் கூட்டம் என்பது எண்பத்தொரு கழிவறை. விடை வந்தபோது என் மேசையில் நான் தனியாகக் கைதட்டினேன்.

அடுத்த வியாழக்கிழமை இதைப் படமாக வரைந்து சுவரில் காட்டினேன். எண்பத்தொரு கழிவறைப் படங்களை ஒவ்வொன்றாக ஒட்டி, வரிசைக்கு ஒன்பதாக ஒன்பது வரிசை. "மொப்புப் பிடியைப் பற்றி நாங்கள் பேசிய ஐந்து வாரத்தில் இந்த நகரத்தில் நானூற்று ஐந்து கழிவறைகளைக் கழுவியிருக்கலாம்" என்று பிரெஞ்சில், மனப்பாடம் செய்ததை ஒப்புவித்தேன். முடித்துவிட்டு, எல்லாரும் வெட்கத்தில் தலையைக் குனிந்து எழும்பிப் போவார்கள் என்று காத்து நின்றேன்.

கைதட்டினார்கள். மனேஜருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இவ்வளவு முக்கியமான விஷயத்தை அவசரப்பட்டுப் பேசக்கூடாது என்று சொல்லிவிட்டு இன்னொரு ரோல் எடுத்தார். பத்து நிமிடத்துக்குள் கண்ணாடி துடைப்பதும் அடங்குமா என்று ஒருவர் கேட்டார். ஆண்கள் கழிவறையையும் பெண்கள் கழிவறையையும் ஒரே கணக்கில் வைப்பது நியாயமா என்று இன்னொருவர் கேட்டார். மேசையின் கடைசியில் இருந்த ஒரு மனிதர் எல்லாரையும்விட மிகவும் அறிவான கேள்வி ஒன்று கேட்டார், அதற்குப் பதில் சொல்லவே பதினைந்து நிமிடம் போனது. ஐந்து நாற்பதுக்குத் தட்டு காலியானது. இந்தக் கணக்கை மாதா மாதம் நானே கூட்டத்தில் சமர்ப்பிப்பது என்றும், அதற்காக இன்னும் அரை மணி நேரம் ஒதுக்குவது என்றும் முடிவானது.

தட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடினேன். அன்றைக்குப் பார்த்து மெத்ரோவின் நீலப் பாதை ஒழுங்காகத்தான் ஓடியது, அதைக் குறை சொல்லவும் வழியில்லை. தவளை ஆறு ஒன்பது காட்டியது. மகள் அதே வாங்கில், அதே உடுப்பில், அதே சிவந்த கன்னத்தோடு இருந்தாள். அம்மையார் மிகவும் மரியாதையாக ஒரு தாளை நீட்டினார். இது இரண்டாவது என்று அதில் தடித்த எழுத்தில் இருந்தது. நான் தட்டின் மேல் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் காலையில் சென்னை அண்ணர் என் மேசைக்கு வந்தார். இருபத்தைந்து வருடமாக இந்த ஊரில் இருப்பவர், கோடையிலும் கழுத்துப்பட்டி கட்டுவார். கூட்டத்தில் குறிப்பு எழுதுவது அவர்தான்.

"தம்பி, ஒரு விஷயம் சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்கோ அண்ணை."

"உங்க கணக்குல ஒரு தப்பு இருக்கு. ஒன்பது பேர் இல்ல, பத்து பேர். நேத்து நூறு நிமிஷம் ஓடுச்சு. ஆக, நூறு டாய்லெட்."

"பத்தாவது ஆள் ஆர்?"

"அந்தக் கடைசில உக்காந்து நல்ல கேள்வி கேட்டாரே, அவரு. அவரு நம்ம கம்பெனியே கிடையாது. கீழ் ஃப்ளோர்ல வரி ஃபைல் பண்ற ஆபீஸ். மூணு மாசமா வராரு."

"ஏன் வாறார்?"

அண்ணர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். பிறகு தன் குறிப்புப் புத்தகத்தை விரித்து வைத்தார். ஒவ்வொரு வியாழக்கிழமைக்கும் தொடங்கிய நேரம், முடிந்த நேரம் எல்லாம் அழகான கையெழுத்தில் இருந்தது. நான் வேலைக்கு வரும்முன் நடந்த கூட்டங்கள் பதினெட்டு நிமிடம், இருபது நிமிடம், பதினாறு நிமிடம். ஃபோட்டோ கொப்பி மெஷினுக்குப் பக்கத்தில் நின்றபடியே பேசி முடித்துவிடுவார்களாம். நான் வந்த வாரத்தில் ஐம்பது நிமிடம். பிறகு எழுபது, எண்பது, தொண்ணூறு. இடையில் மூன்று இடத்தில் மட்டும் மறுபடி இருபது நிமிடம் என்று இருந்தது. அந்த மூன்றையும் விரலால் தொட்டுக் காட்டினார்.

"இது உங்க பொண்ணுக்குக் காய்ச்சல்னு நீங்க லீவு போட்ட வாரம். இது நீங்க கந்தசஷ்டி விரதம்னு ரோல்ஸ் பண்ணாம வந்த வாரம். இது அதுக்கு அடுத்த வருஷம் கந்தசஷ்டி."

நான் புத்தகத்தைக் கிட்ட இழுத்து அந்த மூன்று தேதிகளையும் மறுபடி பார்த்தேன்.

"மீட்டிங் நீளறதுக்கு மனேஜர் காரணம் இல்ல தம்பி. தட்டுல ரோல்ஸ் இருக்கிற வரைக்கும் ஒருத்தரும் எழுந்திருக்க மாட்டாங்க. நானே நாலு முடிச்சாத்தான் எழுந்திருப்பேன், பொய் சொல்லுவானேன்?"

இரண்டு வருடமாக மனேஜரைத் திட்டி வந்தவன் நான். மெத்ரோவில் திட்டினேன், குளிக்கும்போது திட்டினேன். கடைசியில் அந்தக் கூட்டத்தை ஊட்டி வளர்த்தது என் கைதான். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, உண்மையைச் சொன்னால் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. வரி அலுவலகத்துக்காரர் மாடி ஏறி வந்து மொப்பைப் பற்றிப் பேசினார் என்றால் அது சாதாரண ரோல்ஸா?

சனிக்கிழமை காலை வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த மனைவியிடம் இரண்டையும் ஒன்றாகச் சொன்னேன். முதலில் இரண்டாவது தாள், பிறகு அண்ணரின் குறிப்புப் புத்தகம். முதல் செய்திக்கு அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"இனி ஒருக்காப் பிந்தினா இடம் போயிடும், தெரியுமோ? பேந்து நான் வேலைக்குப் போறதோ விடுறதோ? நாலு வருசமா நான் வேலைக்கு ஒரு நாளும் பிந்தேல்லை. நீங்கள் ஒரு மொப்புக்காண்டி என்ரை வேலைக்கு உலை வைக்கிறியள்."

"மொப்பு முடிஞ்சுது. இப்ப ரொய்லெற்."

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். அவள் கத்தியை எடுத்து மறுபடி வெங்காயம் வெட்டத் தொடங்கினாள். வழக்கத்தைவிடப் பலமாக வெட்டினாள். பிறகு இரண்டாவது செய்தியைச் சொன்னேன். அதற்கு அவள் சிரிக்கத் தொடங்கி, கண்ணைத் துடைத்து, வெங்காயக் கையால் துடைத்ததால் இன்னும் கண்ணீர் வந்து, குழாயடிக்கு ஓடினாள்.

"கொண்டுபோகாமல் விடுங்கோவன்" என்றாள் முகத்தைக் கழுவியபடி.

"ரண்டு வருசம் குடுத்துப்போட்டு திடீரெண்டு நிப்பாட்டினா கோவிச்சுக்கொண்டு நிப்பாட்டினதெண்டு நினைப்பினம். ஏன் கொண்டு வரேல்லையெண்டு அதுக்கும் ஒரு மீற்றிங் வைப்பினம். உமக்கு அவையைத் தெரியாது."

அவள் துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டே யோசித்தாள். "இஞ்சருங்கோ, போன வருசம் அந்தச் சாமத்தியவீட்டு ஹோலிலை நீங்கள் வாழ்த்துரை சொல்லேக்கை என்ன நடந்தது?"

அதை ஏன் இப்போது எடுக்கிறாள் என்று எனக்குச் சுருக்கென்றது. அந்தப் பூப்பு விழாவுக்கு நான் மூன்று பக்கம் எழுதிக்கொண்டு போயிருந்தேன். முதல் பக்கத்தின் பாதியில், மண்டபத்தின் பின்பக்கம் அலுமினியத் தட்டுகளின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது. அவ்வளவுதான். இருநூறு பேரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். மிச்சம் இரண்டரைப் பக்கத்தையும் நான் வீடியோ எடுப்பவருக்கு வாசித்தேன். அவரும் கமெராவைத் தாங்கியில் பூட்டிவிட்டு வரிசையில் போய் நின்றுவிட்டார்.

"எங்கடை ஆக்கள் விசரரே, சாப்பாட்டைக் கடைசியா வைக்க?" என்றாள் மனைவி. "முதலே குடுத்தா இருந்து கதைப்பினம். கடைசியாக் குடுத்தா எடுத்துக்கொண்டு போயிடுவினம். நீங்கள்தான் ஊரிலை இல்லாத புதினமா நடு மேசையிலை வைச்சிருக்கிறியள்."

நாலு வருடமாக மருத்துவமனையில் நிமிடம் பார்த்து வேலை செய்யும் மனுஷிக்கு இது ஒரு வெங்காயம் வெட்டும் நேரத்தில் புரிந்தது. எனக்கு எண்பத்தொரு படம் ஒட்டியும் புரியவில்லை.

அடுத்த வியாழக்கிழமை நான் வெறும் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தேன். எல்லாரும் மேசை நடுவைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். வரி அலுவலகத்துக்காரர் கதவடியில் கொஞ்சம் தயங்கி, ஆனாலும் உட்கார்ந்தார். உடம்புக்கு ஏதும் சுகமில்லையா என்று மனேஜர் கேட்டார். சுகம்தான், ரோல்ஸ் பிறகு வரும் என்றேன். மனேஜர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, ஜன்னல் துடைக்கும் ரப்பர் எத்தனை அங்குலம் இருக்க வேண்டும் என்று தொடங்கினார்.

நான்கு இருபதுக்கு, கழிவறைக்குப் போகிற பாவனையில் எழுந்து குசினிக்குப் போனேன். அங்கே ஒரு சின்ன மின்னடுப்பு உண்டு. அதில் ரோல்ஸைச் சூடாக்கி, குசினிக் கதவை அகலத் திறந்து வைத்தேன். அவற்றை இரண்டிரண்டாகப் பழுப்புக் காகிதப் பைகளில் போட்டு, வாசல் பக்கத்தில், மேலங்கிகள் கொழுவும் இடத்துக்குக் கீழே வரிசையாக அடுக்கினேன். ஒரு பையை என் மேலங்கிப் பொக்கெட்டில் வைத்தேன். பிறகு ஒன்றும் தெரியாதவன் முகத்தோடு திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

மனேஜர் "பதினான்கு அங்குலம் என்றால்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மணம் வந்தது. வசனம் அந்த இடத்திலேயே நின்றது. "வாசலில் ஆளுக்கு ஒரு பை இருக்கிறது, போகிற வழியில் சாப்பிடச் சூடாக வைத்திருக்கிறேன்" என்றேன். ரப்பருக்கு என்ன முடிவு என்று யாரும் கேட்கவில்லை. "பதினான்கு" என்றார் மனேஜர் மேலங்கியின் ஒரு கையைப் போட்டபடி. "பதினான்கு, பதினான்கு" என்று மற்றவர்களும் நடந்துகொண்டே ஒப்புக்கொண்டார்கள். வரி அலுவலகத்துக்காரர் எனக்கு மெர்சி சொல்லி, பையோடு படி இறங்கிப் போனார். அண்ணர் தன் பல்லுக்குச்சிப் பையை எடுத்துக்கொண்டு, குறிப்புப் புத்தகத்தில் நேரத்தை எழுதி என்னிடம் காட்டினார். இருபத்தேழு நிமிடம்.

என் தலைக்கு மேலே ஆகாயம் திறந்தது போல இருந்தது. மனேஜர் மேலங்கியோடு நின்று, எல்லாரும் போகிறார்கள், நீயும் போ, மிச்ச வேலையை நாளைக்குச் செய் என்று கையைக் காட்டினார். ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னதாகவே நான் கார்டெரிக் கதவைத் தள்ளினேன். தவளையே திகைத்திருக்கும்.

வாங்கு காலியாக இருந்தது. அந்த நேரத்தில் கார்டெரி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. உள்ளே பிள்ளைகள் சத்தம் போட்டுக்கொண்டு கட்டை அடுக்கினார்கள். என் மகள் யாருக்கோ கட்டளை போட்டுக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் ஓடி வரவில்லை. சந்தேகத்தோடு ஜன்னலைப் பார்த்தாள், வெளிச்சம் இன்னும் இருக்கிறதே என்று. பிறகு கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ச் சுவரில் ஒட்டியிருந்த படத்தைக் காட்டினாள்.

ஒவ்வொரு பிள்ளையும் தாய் தகப்பன் செய்யும் வேலையை வரைந்திருந்தது. ஒரு பிள்ளையின் தகப்பன் பஸ் ஓட்டினார். ஒரு பிள்ளையின் தாய் கேக் செய்தார். என் மகளின் படத்தில் அம்மா ஒரு கையால் கட்டிலைத் தூக்கிக்கொண்டு நின்றாள். பக்கத்தில் ஒரு பெரிய மேசை. மேசையைச் சுற்றி வாயைத் திறந்தபடி ஒரு கூட்டம். நடுவில் மீசையோடு நான். கீழே அவள் சொல்லச் சொல்ல ஆசிரியை பிரெஞ்சில் எழுதியிருந்தார்: "அம்மா வேலைக்குப் போவார். அப்பா கூட்டத்துக்குப் போவார்."

சிரிப்பு வந்தது. பிறகுதான் தாளின் கீழ் மூலையில் நீல நிறத்தில் உருண்டையாக ஒன்று இருப்பதைக் கண்டேன்.

"இது ஆர் குஞ்சு?"

"நான்."

"என்ன செய்யிறாய்?"

"நானும் ரெயுனியோன்" என்றாள். பிரெஞ்சில் கூட்டத்துக்கு அதுதான் சொல். "வாங்கிலை. தனிய."

என்னுடைய எண்பத்தொரு படங்களில் அந்த நீல உருண்டை இல்லை. பத்தாவது ஆளாக வரி அலுவலகத்துக்காரரைச் சேர்த்த அண்ணரின் கணக்கிலும் இல்லை. பிள்ளைக் கதிரையில், முழங்கால் இரண்டும் காதைத் தொட, அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவள் என் தலையில் ஒரு கட்டையை வைத்தாள். நான் அசையவில்லை. இன்னொன்று வைத்தாள். மற்றப் பிள்ளைகளும் வந்தார்கள். அன்றைக்கு என் தலையில் ஐந்து கட்டைவரை நின்றது.

அப்படியே நேரம் போனது தெரியவில்லை. பிள்ளைகள் ஒவ்வொன்றாகப் போய் முடிய, தலையைத் திருப்பிப் பார்த்தேன். தவளை ஐந்து ஐம்பத்து மூன்று காட்டியது. எனக்கு உயிர் போய் வந்தது. ஒரு மணி நேரத்துக்கு முன்பே வந்த மனிதன் மூன்றாவது தடவை பிந்தப் போகிறான்! காற்சட்டை, சப்பாத்து, மேலங்கி, கழுத்துத்துணி, தொப்பி, கையுறை இரண்டு. மகளுக்கு இதெல்லாம் போட ஒழுங்காகவே பத்து நிமிடம் வேண்டும், அவளுக்கு மனமில்லாவிட்டால் இருபது. மனமில்லை. கட்டைக் கோபுரம் முடியவில்லையாம். அம்மையார் மேசையைத் துடைத்துக்கொண்டு தவளையை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார்.

எனக்கு மனைவியின் முகம் நினைவில் வந்தது, பிறகு அவள் சொன்னதும் வந்தது. கார்டெரிக்குள் வெளிச் சாப்பாடு கூடாது. ஆகவே ஒன்றும் பேசாமல் எழுந்து, வாசல் கதவைத் திறந்து, வெளியே நின்று, பொக்கெட்டிலிருந்த பழுப்புப் பையின் வாயைக் கொஞ்சமாக விரித்தேன். உடம்புச் சூட்டில் அது இன்னும் ஆறவில்லை.

கோபுரம் விழும் சத்தம் கேட்டது. மூன்று நிமிடத்தில் மகள் முழு உடுப்போடு வெளியே நின்றாள், சப்பாத்து இடம் வலம் மாறி. அவளுக்குப் பின்னாலேயே அம்மையாரும் மூக்கைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். கதவின் ஊடாகப் பார்த்தேன், ஐந்து ஐம்பத்தெட்டு. பையில் இருந்தது இரண்டு. ஒன்றை அம்மையாருக்குக் கொடுத்தேன். படியில் நின்று கடித்தார். கண்ணை மூடினார். அந்த அறிகுறி எனக்குப் பழக்கம்.

மாதம் ஒரு தரம் பெற்றோர் கூட்டம் வைக்கிறோம், ஒருவரும் வருவதில்லை, நீங்கள் வரலாமே என்று கேட்டார்.

"வருகிறேன் அம்மா" என்றேன். "ஆனால் வெறுங்கையோடு."

மகளோடு பனிக்குள் நடந்தோம். அவள் ரோலைக் கடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் யோசனையோடு வந்தாள். பிறகு நின்றாள்.

"அப்பா, உன்னை ரெயுனியோனிலை இருந்து கலைச்சுப்போட்டினமா?"

நான் அவளுக்கு முன்னால் முழங்காலில் இருந்து, சப்பாத்தைச் சரியான காலுக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். "ஓம் குஞ்சு" என்றேன். "எல்லாரையும் கலைச்சுப்போட்டினம். இனி அப்பா வெளிச்சத்தோடையே வருவன்."

துரத்திவிடப்பட்ட அப்பாமேல் அவளுக்கு இரக்கம் வந்துவிட்டது. பாதி கடித்த ரோலை என் வாய்க்குள் திணித்தாள், அழாதே என்று தலையைத் தடவினாள். இரண்டு வருடமாக வியாழக்கிழமை வியாழக்கிழமையாகப் பொரித்து, ஊராருக்கெல்லாம் கொடுத்து, நான் ஒன்று சாப்பிட்டது அன்றைக்குத்தான். உண்மையிலேயே அது நல்ல ரோல்ஸ்.